இரண்டாவது கியரின் எடை

செப்டம்பரிலிருந்து இது நான்காவது முறை. மெர்வ் டோல்ஹர்ஸ்ட் காருக்கு அடியிலிருந்து மல்லாந்தபடி நழுவி வெளியே வந்தான். முழங்கை வரை எண்ணெய், காதோரம் எண்ணெய், தாடியிலும் எண்ணெய். எழுந்து நின்றவனின் முகத்தில் மட்டும் அப்படியொரு பெருமை.

"இப்ப போட்டுப் பாரு," என்றான்.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி நெரிடா மடியிலிருந்த இடது கையை எடுத்துக் கியர் ராடின் மேல் வைத்தாள். கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டாள். பிறகு இரண்டாவதுக்கு இழுத்தாள். டக்கென்று விழுந்தது. அவள் கையை எடுத்து, கட்டைவிரலின் அடிப்பாகத்தை வலது கையால் பொத்திக்கொண்டாள்.

"விழுதா?"

"விழுது."

"அப்புறம் என்ன?"

"வலிக்குது மெர்வ்."

"புதுசுல்ல. பழகிடும்."

இந்தப் 'பழகிடும்' என்ற சொல்லை அந்த மூன்று மாதத்தில் அவன் எத்தனை முறை சொன்னான் என்பதற்குக் கணக்கில்லை. எண்ணெய் மாற்றியபோது சொன்னான். ராடு மாற்றியபோது சொன்னான். ஸ்பிரிங் மாற்றியபோதும் சொன்னான். இப்போது ராடின் தலையில் கனமான எஃகுக் குமிழ் ஒன்றைத் திருகிவிட்டு, அதற்கும் அதையே சொல்கிறான்.

நெரிடா காரிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போனாள். மெர்வுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கச் சிமெண்ட் தரையில் முதுகு தேயக் கிடந்தவனுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாதா? அவனே உட்கார்ந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போட்டுப் பார்த்தான். டக், டக், டக், டக். இரண்டு விரல் அகலம் நகர்த்தினால் போதும், அடுத்த கியர் விழுகிறது. இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும் என்று அவனுக்குப் புரியவே இல்லை.

அந்தச் சிவப்பு நிற இரண்டு இருக்கைக் கார் அவர்கள் வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. வாங்கிய வருடமே இருவரும் அல்வர்ஸ்டன் மோட்டார் கிளப்பில் சேர்ந்தார்கள். டிசம்பர் முதல் ஞாயிறு பிளாக்வுட் மேட்டில் பந்தயம். தொள்ளாயிரம் மீட்டர் நீள ஏற்றம், ஒன்பது வளைவு, ஒரு நேரத்தில் ஒரு கார், கடிகாரம்தான் எதிரி. இரண்டு பேர் ஒரே காரில் பெயர் கொடுப்பது எங்கள் கிளப்பில் சகஜம். காரின் கதவில் 27 என்று ஒட்டியிருக்கும். அது மெர்வின் எண். நெரிடா ஓட்டும்போது அதற்கு முன்னால் கறுப்பு டேப்பில் ஒரு கோடு போட்டால் 127. முதல் குழுவில் அவள் ஏறுவாள். இறங்கி வந்ததும் டேப்பை நகத்தால் கிள்ளி ஒரே இழுப்பில் உரித்துவிட்டுக் காரை அவனிடம் கொடுப்பாள். பத்தொன்பது வருடத்தில் பதினான்கு வருடம் அவள் நேரம்தான் குறைவு. இதைக் கிளப்பில் எவனும் மெர்வை மறக்க விட்டதில்லை.

போன வருடம் வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நெரிடா இருபத்திரண்டு வருடம் ஸ்காலப் கொட்டகையில் சிப்பி உடைத்தவள். வலது கையில் கத்தி, இடது கையில் சிப்பி. மணிக்கு நூற்றுக்கணக்கான சிப்பிகளை இறுக்கிப் பிடித்துப் பிடித்து அந்த இடது கட்டைவிரல் மூட்டு தேய்ந்தே போய்விட்டது. ஜூனில் அறுவை சிகிச்சை. செப்டம்பரில் கட்டுப் பட்டையைக் கழற்றினார்கள். கொட்டகையிலும் அவளை எடை போடும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். அதெல்லாம் அவளுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. கட்டுப் பட்டை கழன்ற அன்று அவள் முதலில் போய் உட்கார்ந்தது காரில்தான். இரண்டாவது கியரை இழுத்தவள் அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். டிசம்பருக்குள் இந்த இரண்டாவது கியரை இழுக்க முடியாவிட்டால் பிளாக்வுட் மேடு இனி இல்லை என்பது அவளுக்கு அன்றே தெரிந்துவிட்டது.

மெர்வுக்கும் தெரியும். அதனால்தான் இத்தனை பாடு. உருளைக்கிழங்கு வறுவல் தொழிற்சாலையில் முப்பது வருடமாக ஃபிட்டராக இருப்பவன் அவன். ஒரு கியர் ராடைச் சீர்செய்ய வக்கில்லாதவனா என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினான்.

கிளப்பில் போய்க் கியர் சரியில்லை என்று வாயைத் திறந்துவிட்டால் போதும், ஆளாளுக்கு வைத்தியர் ஆகிவிடுவார்கள். குட்டையான, பருத்த நக்கெட் எல்லா நோய்க்கும் எண்ணெய் என்பான். "மெலிசான ஆயிலா ஊத்து மெர்வ். வெண்ணெய்ல கத்தி விட்ட மாதிரி விழும்." மெலிசான எண்ணெய் ஊற்றினான். அடுத்த வாரம் வேறொருவன், அந்த எண்ணெயா, ஐயய்யோ, கியர் பல்லெல்லாம் போயிடுமே என்றான். திரும்பவும் கெட்டியான எண்ணெய். எல்லோரும் ஒருமனதாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: ராடைக் குட்டையாக்கு. எங்கள் கிளப்பில் நீளமான கியர் ராடு வைத்திருப்பவனைப் பார்த்தால், "என்னப்பா, ஸ்கூல் பஸ்ஸா?" என்று கேட்பது வழக்கம். அதிகமாகக் கேட்டவன் மெர்வ்தான். ஆகவே அவனும் குட்டை ராடு வரவழைத்தான். கை நகர வேண்டிய தூரம் பாதியாகக் குறைந்தது. ஸ்பிரிங்கையும் விறைப்பானதாக மாற்றினான். டக்கென்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவன் சொக்கிப் போனான்.

நெரிடா ஒவ்வொரு தடவையும் பென்குவின் ஊர் வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து, "போன வாரத்தைவிட மோசமா இருக்கு," என்றாள். மோசமா? அவன் காதை அவனால் நம்ப முடியவில்லை.

"நீ பிடிக்கிற விதம் சரியில்ல. இங்க பாரு. கட்டைவிரலை இப்படிச் சுத்திப் போடணும். போட்டு இறுக்கணும்."

"கட்டைவிரல்தான மெர்வ் பிரச்சனை."

"அதான் சொல்றேன். ஒரு மாசம் ஓட்டு. பழகிடும்."

நவம்பர் இரண்டாம் வாரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அவள் ஒரு காரியம் செய்தாள். கடற்கரைச் சாலை வளைவில் இரண்டாவது கியருக்கு இறக்க வேண்டிய நேரத்தில், ஸ்டீயரிங்கை இடது கைக்கு மாற்றிவிட்டு, வலது கையைக் குறுக்கே நீட்டிக் கியரை இழுத்தாள். கார் நடுக்கோட்டைத் தாண்டி ஓர் ஆட்டம் ஆடித் திரும்பியது. எதிரே வந்த வெங்காய லாரிக்காரன் ஹாரனிலேயே திட்டிவிட்டுப் போனான்.

"பைத்தியமா உனக்கு? ரெண்டு பேரும் செத்திருப்போம்," என்று மெர்வ் கத்தினான்.

நெரிடா காரை ஓரமாக நிறுத்தினாள். "நீ ஓட்டு," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி இந்தப் பக்கம் வந்து நின்றாள். வீடு வரும்வரை அவள் கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் ஒவ்வொரு கியரையும் டக், டக் என்று போட்டு, இதில் ஒரு குறையும் இல்லை என்று அவளுக்குக் காட்டிக்கொண்டே வந்தான். அதைப்போல முட்டாள்தனம் வேறில்லை. ஆனால் அப்போது அவனுக்கு அது தெரியவில்லை.

எஃகுக் குமிழைப் பொருத்திய ஞாயிறுக்கு அடுத்த புதன்கிழமை கிளப் கூட்டம். பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள். டிசம்பர் நெருங்கிவிட்டால் பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்கள் ஊரில் கோடை; சாயங்காலம் எட்டு மணிக்கும் வெயில் அடிக்கும். ஜன்னலோரம் செயலாளர் ஆவ்ரில் தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். மெர்வ் வழக்கம்போல, "இருபத்தேழும் நூத்து இருபத்தேழும் போட்டுக்க," என்றான்.

ஆவ்ரில் கண்ணாடியைக் கழற்றினாள். "இருபத்தேழு மட்டும்தான் மெர்வ்."

"என்ன மட்டும்?"

"நெரிடா திங்கக்கிழமையே போன் பண்ணிட்டாளே. இந்த வருஷம் ஓட்டலன்னு சொன்னா. டீக் கூடாரத்துக்குப் பேர் குடுத்திருக்கா. உன்கிட்ட சொல்லலியா?"

பக்கத்தில் பீர் கிளாசோடு நின்ற நக்கெட் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அப்ப இந்த வருஷமாவது உன் பொண்டாட்டிய நீ ஜெயிச்சிருவ. வாழ்த்துகள் டோய்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் மெர்வும் சிரித்திருப்பான். அன்று அவன் நக்கெட்டைப் பார்த்த பார்வையில் நக்கெட் பீரைக் கீழே வைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்தபோது நெரிடா சமையலறையில் ரொட்டியை வாட்டிக்கொண்டிருந்தாள். மெர்வ் தொப்பியைக் கழற்றாமலே ஆரம்பித்தான்.

"டீக் கூடாரமா?"

"யாராவது டீ ஊத்தணும்ல."

"மூணு மாசமா நான் அந்தக் காருக்கடியில நாயா கிடக்கேன். யாருக்காக?"

"அதத்தான் நானும் கேக்குறேன். யாருக்காக?"

"இது என்ன பேச்சு? கிளப்லயே அவ்ளோ நல்லா கியர் விழுற வண்டி வேற கிடையாது. நக்கெட்டே போட்டுப் பாத்துட்டு வாயப் பொளந்தான்."

"நக்கெட் கைக்கு நல்லா இருக்கு. உன் கைக்கு நல்லா இருக்கு. எனக்குச் சந்தோஷம்," என்றாள் நெரிடா. குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் அவனுக்கு இலகுவாக இருந்திருக்கும். "ஒவ்வொரு தடவையும் வலிக்குதுன்னு சொன்னேன். பழகிடும்னு சொன்ன. எழுதி வேற வச்சேன். நீ பாக்கவே இல்ல. இனி விடு மெர்வ். எனக்கு அலுத்துப்போச்சு."

"என்ன எழுதி வச்ச? எங்க?"

அவள் வாட்டிய ரொட்டியை அப்படியே தட்டில் விட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். மெர்வ் அந்த ரொட்டியைத் தின்றான். தின்றதும் இன்னும் எரிச்சலாக இருந்தது. எழுதி வைத்தாளாம். எதை, எந்தச் சுவரில்?

மறுநாள் காலை அவன் எழுந்தபோது அவள் கொட்டகைக்குப் போய்விட்டிருந்தாள். டீ போடலாம் என்று பால் எடுக்க வந்தவன் ஃப்ரிட்ஜ் கதவில் கை வைத்தபடி நின்றான். கதவில், அவன் கண்ணுக்கு நேராக, குட்டை ராடின் படம் போட்ட விலைப்பட்டியல் தாள் ஒட்டியிருந்தது. செப்டம்பரில் அவன்தான் ஆசை ஆசையாகக் கிழித்து ஒட்டினான். அதைப் பார்க்கவே அன்று பிடிக்கவில்லை. காந்தத்தைப் பிடுங்கித் தாளை உருவினான். அடியில் இன்னொரு தாள் இருந்தது.

மருத்துவமனைத் தாள். கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் எழுதிக் கொடுத்தது. இடது கையால் நாலு கிலோவுக்கு மேல் இழுக்கவோ தள்ளவோ கூடாது, கட்டைவிரலைச் சுற்றி வைத்து எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. தேதி செப்டம்பர் ஒன்பது. அதன் கீழே நெரிடாவின் கையெழுத்தில் ஒரு வரி: 'மெர்வ், கியர் எவ்வளவு இழுக்குதுன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றியா?'

அவன் அதை இரண்டு முறை படித்தான்.  மூன்று மாதமாகத் தினமும் நாலைந்து தடவை இந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறான். அவள் கேட்ட கேள்வியின் மேலேயே தன் ராடின் படத்தை ஒட்டி, அதை ரசித்துக்கொண்டே பால் ஊற்றியிருக்கிறான். அவளும் அந்தப் படத்தை எடுத்துப் போடவில்லை. என்றைக்காவது இவனாக எடுப்பான் என்று விட்டுவிட்டாளோ, வீம்போ, யாருக்குத் தெரியும்.

தொழிற்சாலைக்குப் போன் செய்து இன்று வரவில்லை என்றான். மீன் பிடிக்கும் பெட்டியைத் திறந்து, ஃபிளாட்ஹெட் மீனைக் கொக்கியில் மாட்டி எடை பார்க்கும் ஸ்பிரிங் தராசை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனான். ராடின் கழுத்தில் கயிறு கட்டி, தராசின் கொக்கியை அதில் மாட்டி, கிளட்சை மிதித்துக்கொண்டு மெதுவாக இழுத்தான். முள் நாலைத் தாண்டியது. ஐந்தைத் தாண்டியது. ஏழரையில் போய்த்தான் இரண்டாவது கியர் விழுந்தது, அந்தப் பாழாய்ப்போன டக் சத்தத்தோடு.

ஏழரை கிலோ, அதுவும் கார் சும்மா நிற்கும்போது. மேட்டில், அவசரத்தில், இன்னும் கூடும். அவள் இதைத்தான் இழுத்திருக்கிறாள், கட்டைவிரலைச் சுற்றிப் போட்டு இறுக்கு என்று அவன் வகுப்பு எடுக்க எடுக்க.

இதில் கேவலம் என்னவென்றால், இது அவனுக்குத் தெரியாத விஷயமே இல்லை. போல்ட் இறுகிப்போனால் நீளமான ஸ்பேனரை எடு என்று தொழிற்சாலையில் தினமும் கரடியாய்க் கத்துகிறவன் அவன். கடப்பாரையைப் பாதியில் பிடித்துக் கல்லைப் பெயர்ப்பானா எவனாவது? ராடைக் குட்டையாக்கினால் தூரம் குறையும், பாரம் ஏறும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கிளப்பில் எவனும் பாரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எல்லோர் கையும் நன்றாக இருக்கிறது. அவன் ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தான். அழவில்லை, ஆனால் அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு எல்லாவற்றையும் கழற்றினான். குட்டை ராடு போனது. எஃகுக் குமிழ் போனது. மேஜைக்கு அடியில் பிஸ்கட் டப்பாவில் கிடந்த பழைய ராடைத் துடைத்து மாட்டித் தராசைப் பிடித்தான். ஐந்தரை. விறைப்பான ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டான். நாலே முக்கால். காரை வாங்கியபோது இருந்த இடத்துக்கு வந்தாகிவிட்டது. மூன்று மாத உழைப்பில் மிச்சம் என்று எதுவும் இல்லை. இன்னும் முக்கால் கிலோ அதிகமாக வேறு இருக்கிறது.

இனி என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்தது. செய்ய மனசு வரவில்லை. ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தான். ஷெட்டைப் பெருக்கினான். கடைசியில் வேறு வழியில்லாமல் இரும்புக் குழாயை எடுத்து ஒன்பது சென்டிமீட்டர் அளந்து அறுத்தான். ராடை நடுவில் வெட்டி, குழாயை இடையில் வைத்துப் பற்ற வைத்தான். மாட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தான். அந்த அழகான சின்னக் காருக்குள் ஸ்கூல் பஸ் ராடு ஒன்று நட்டமாக நின்றது. தராசை மாட்டினான். மூன்றே கால்.

குமிழ் மிச்சம். கட்டைவிரல் சுற்றாமல், உள்ளங்கையால் தள்ளவும், நாலு விரலை மடக்கி இழுக்கவும் வாகாகப் பெரிதாக எதுவாவது வேண்டும். அலமாரியைக் குடைந்தபோது ஒரு பக்கம் தேய்ந்த கிரிக்கெட் பந்து ஒன்று கிடைத்தது. அதில் துளை போட்டு, மரை வைத்த உலோக உருளையைப் பசை போட்டு இறுக்கித் திருகினான்.

மத்தியானம் நெரிடா வேலை முடிந்து வந்தாள். ஷெட் வாசலில் அவன் நின்ற நிலையைப் பார்த்து, "வேலைக்குப் போகலியா?" என்றாள்.

"அந்தத் தாளப் பாத்தேன்," என்றான்.

அவள் உள்ளே வந்து காருக்குள் எட்டிப் பார்த்தாள். ராடைப் பார்த்தாள், பந்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"இழுத்துப் பாரு."

"தராச குடு," என்றாள் நெரிடா.

அவன் வாயால் சொன்னால் போதாது என்று ஆகியிருந்தது. அதுவும் நியாயம்தான் என்று மெர்வ் தராசைக் கொடுத்தான். நாள் முழுக்க எடை மேஜையில் நிற்பவள் அவள். கொக்கியை மாட்டி, வலது கையால் நிதானமாக மூன்று தடவை இழுத்து, மூன்று தடவையும் முள்ளைக் குனிந்து பார்த்தாள். பிறகு தராசை அவன் கையில் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

பென்குவின் வரை போய்வர இருபத்தைந்து நிமிடம் ஆகும். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. மெர்வ் வாசலுக்கும் ஷெட்டுக்கும் நடந்தான். பற்ற வைத்த இடம் விட்டிருக்குமோ? நடுவழியில் ராடு கையோடு வந்திருக்குமோ? வீட்டிலிருந்த இன்னொரு வண்டியின் சாவியைத் தேடி உள்ளே போகும்போது சத்தம் கேட்டது. தெருமுனையில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும் சத்தம், ஒரு உரசல் இல்லாமல்.

அவள் இறங்கி ஒரு காகிதப் பொட்டலத்தை அவனிடம் நீட்டினாள். உள்ளே ஸ்காலப் சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட சூடான பணியாரம் இரண்டு.

"மூணாவது ரொம்பத் தள்ளி இருக்கு. கைய நீட்டணும்," என்றாள்.

"வலி?"

அவள் இடது கையை விரித்து மடக்கிக் காட்டினாள். "சூடா தின்னு, ஆறிடும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஆவ்ரிலுக்குப் போன் செய்தாள். பெயர் கொடுக்கும் நாள் முடிந்துவிட்டது என்று ஆவ்ரில் இழுத்தாள் போலிருக்கிறது. கடைசியில் நெரிடா சொன்னது ஷெட் வரை கேட்டது. "டீக் கூடாரத்துக்கா? மெர்வ் வருவான். அவனுக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்ல."

ஞாயிற்றுக்கிழமை பிளாக்வுட் மேட்டில் நல்ல கூட்டம். வண்டிகளைச் சோதிப்பவர் உள்ளே தலையை விட்டு ராடைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "எத்தன மணிக்கு மெர்வ் அடுத்த பஸ்?" என்றார். நக்கெட் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினான். "வாங்க வாங்க, ஸ்கூல் புள்ளைங்கல்லாம் ஏறிக்கங்க."

மெர்வ் காது மடல் சிவக்க ஏப்ரனைக் கட்டிக்கொண்டு டீக் கூடாரத்தில் நின்றான். பத்தொன்பது வருடமாக அவனே பிறருக்குச் சொன்ன கேலி அது. 

கூடாரத்திலிருந்து மேடு தெரியாது. மரங்கள் மறைத்துவிடும். சத்தம் மட்டும்தான். ஒலிபெருக்கியில் நூற்று இருபத்தேழு என்றார்கள். மெர்வ் கையிலிருந்த கெட்டிலை வைத்துவிட்டான். முதல் கியரில் எஞ்சின் சீறிக் கிளம்பியது. ஏறியது, ஏறியது, நின்றது.  இரண்டாவது விழுந்தது. உரசல் இல்லை. மூன்றாவது. மறுபடி இரண்டுக்கு இறக்கம், கொண்டை ஊசி மாதிரி குறுகலான அந்த ஐந்தாவது வளைவு. விழுந்தது. மேலே போகப் போகச் சத்தம் தேய்ந்தது. ஒவ்வொரு இடைவெளியும் போன வருடத்தைவிடக் கொஞ்சம் நீளம். அந்த நீளமான ராடு அவ்வளவு தூரம் போய் வர வேண்டும். ஆனால் ஒன்றுகூடத் தவறவில்லை.

"நூத்து இருபத்தேழு, நாற்பத்து நாலு புள்ளி எட்டு," என்றது ஒலிபெருக்கி. அவளுடைய போன வருட நேரத்தைவிட ஒரு விநாடி போல அதிகம். டீக்கு நின்ற ஆவ்ரில், "பால் வழியுது மெர்வ்," என்றாள். அவன் துடைத்தான், கண்ணையும் சேர்த்து.

நெரிடா இறங்கி வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றி முடியை உதறிக்கொண்டு, கதவிலிருந்த டேப்பின் முனையை இடது கை நகத்தால் கிள்ளினாள். முதல் தடவை வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது. ஒரே இழுப்பில் உரித்தாள்.

"உன் முறை," என்றாள். ஏப்ரனை வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மெர்வ் உட்கார்ந்து வாரை இறுக்கினான். பச்சை விளக்கு. முதல் கியரில் நல்ல கிளம்பல். இரண்டாவதுக்குக் கை தானாகப் போனது, மூன்று மாதமாகக் குட்டை ராடின் தலை இருந்த இடத்துக்கு. அங்கே வெறும் கம்பிதான் இருந்தது. பந்து அதற்கு மேலே, ஒரு சாண் உயரத்தில். தடவிப் பிடித்து இழுப்பதற்குள் எஞ்சின் அலறி அடங்கியது. மூன்றாவதைத் தள்ளினான், போதாது, இன்னும் தள்ளினான், முழங்கை முழுசாக நீண்டு தோள் இருக்கையை விட்டு எழும்பியது. ஐந்தாவது வளைவில் இரண்டாவது என்று நினைத்து நான்காவதில் போட்டு, கார் முக்கி முனகி நடந்தே ஏறியது. நேரத்தைக் கேட்க வேண்டாம் என்று நினைத்தான். ஒலிபெருக்கி விடவில்லை. நாற்பத்தொன்பது புள்ளி ஒன்று. கீழே யாரோ ஹாரன் அடித்துக் கைதட்டினார்கள். நக்கெட்டாகத்தான் இருக்கும்.

இறங்கி வந்து கதவை அறைந்து சாத்தினான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நேராகக் கூடாரத்துக்குப் போனான்.

"அது கியர் ராடா, கொடிக்கம்பமா? கைக்கு அகப்படவே மாட்டேங்குது. ஒரு இடத்துல நிக்குதா அது? மனுஷன் ஓட்டுவானா அந்தக் கருமத்த?"

நெரிடா யாருக்கோ டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். கெட்டில் வலது கையில் இருந்தது. இடது கை மேஜை மேல் விரிந்து சும்மா கிடந்தது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கோப்பையை நிரப்பி நீட்டினாள்.

"பழகிடும்," என்றாள்.

 வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். மெர்வ் மேஜைக்கு அந்தப் பக்கம் போய், காலியான கோப்பைகளை எடுத்துக் கழுவ ஆரம்பித்தான்.